குளிரறைக்கு ஒரு நாள் லீவு

ராஜபாளையத்தில் சேதுபதி கிரில் ஆலை தொடங்கியபோது ஊரில் பாதிப் பேர் அதை நாய்த் தீவனக் கம்பெனி என்றுதான் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாய்க்குப் பேர்போன ஊர். ஆலை வாசலில் நின்றால் மீன் வாடை வேறு. மதுரையிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கி, "வெள்ளைக் குட்டி இருக்கா?" என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போனதும் உண்டு.

உண்மையில் கிரில் என்பது மனிதர் தின்கிற கடல் பண்டம். தென்துருவக் கடலில் பிடித்து, கப்பலிலேயே கட்டி கட்டியாக உறையவைத்து, தூத்துக்குடியில் இறக்கி, அங்கிருந்து குளிர் லாரியில் வந்து சேரும். இறால் மாதிரி உருவம், சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் இளஞ்சிவப்பு. ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் முதல் நாளே அதற்குக் கூனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழம்பில் போடுகிற சென்னாக்கூனிக்கு அது ஒன்றுவிட்ட அக்கா போல இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. கடல் இல்லாத ஊரில் கடல் பண்டம் எதற்கு என்று கேட்டால், முதலாளி சேதுபதியிடம் ஒரு குளிரறை இருந்தது என்பதுதான் பதில். மாம்பழக் கூழுக்காக அவர் அப்பா கட்டியது. சப்பட்டை மாம்பழப் பருவம் முடிந்துவிட்டால் வருசத்தில் மிச்ச நாளெல்லாம் காலியாகக் கிடக்கும். சும்மா கிடக்கிற எதையும் பார்த்தால் சேதுபதிக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கூடுதலாக ஒரு கம்ப்ரஸரை வாங்கி மாட்டி, அறையை நடுங்க வைத்து, கிரிலைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்.

அந்தக் கிரிலில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் ஓட்டில் ஃபுளோரைடு ஏராளம். உயிரோடு நீந்துகிறவரை அது ஓட்டோடு ஒதுங்கிக் கிடக்கும். செத்தபிறகு உறைந்த கட்டி இளகினால் போதும், ஓட்டிலிருந்து கசிந்து சதைக்குள் இறங்கிவிடும். நிறம் மாறாது, வாடை மாறாது, ருசியும் மாறாது. ஆகையால் கட்டியைக் கல்லாக இருக்கும்போதே எடுத்து, ஐஸ் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து, உதிர்ந்த கையோடு உருளை மிசினில் விட்டு ஓட்டை உரித்துவிட வேண்டும். தாமதித்தால் ஓட்டை மட்டும் தூக்கியெறிந்து பயனில்லை. இது நடந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது, நாக்கால் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் சிவரஞ்சனியை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

சிவரஞ்சனி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியத்துப் பெண். வேதியியல் படித்தவள். இது முதல் வேலை. சேதுபதி அவளை நியமித்தபோது, "தீபாவளி வரைக்கும் பாரும்மா, பொறவு பேசிக்கிடுவோம்" என்று சொல்லியிருந்தார். முன்பு மாம்பழக் கூழைச் சுவைத்துப் பார்க்கிற அறையாக இருந்ததுதான் அவள் லேப். ஒரு மேசை, ஒரு தராசு, ஃபுளோரைடு அளக்கிற மீட்டர், அதிலிருந்து நீளும் பேனா அளவுள்ள எலக்ட்ரோடு. சதையை அரைத்து, அமிலத்தில் கரைத்து வடித்து, அதோடு பஃபர் கரைசலைக் கலந்து, எலக்ட்ரோடை முக்கினால் மீட்டரில் எண் வரும். எல்லாமே பிளாஸ்டிக் கோப்பையில்தான் செய்ய வேண்டும். கண்ணாடிக்கும் ஃபுளோரைடுக்கும் ஒத்துப்போகாது, எண் குழம்பிவிடும். இந்தச் சங்கதி தெரியாத ஆவுடையம்மாள், அதாவது உரிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி, "படிச்ச புள்ளைக்கு ஒரு கண்ணாடிக் கிளாஸு வாங்கித் தர மொதலாளிக்கு மனசு வரலியே" என்று ரொம்ப நாள் அங்கலாய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எண்மீது சிவரஞ்சனிக்கு ஒரு சொந்தக் கோபம் இருந்தது. அவள் அம்மா காளீஸ்வரி பிறந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அந்த ஊரில் வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். காளீஸ்வரி அழகாகச் சிரிப்பாள், ஆனால் சிரிக்கும்போதெல்லாம் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். கல்யாணப் போட்டோவில்கூட வாய் திறக்கவில்லை. கிரில் சதையைக் காயவைத்து அரைத்து, சென்னையில் ஒரு கம்பெனி குழந்தைகளின் சத்துமாவில் சேர்க்கப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, சிவரஞ்சனி ஒவ்வொரு கோப்பையையும் அம்மாவின் முந்தானையை நினைத்துக்கொண்டுதான் அளந்தாள். பூஜை லீவு முடிந்த மறுநாளே அந்தக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து முதல் சரக்கை எடுத்துப் போவதாக ஏற்பாடு. சரக்கோடு அவள் கையெழுத்திட்ட சோதனைக் காகிதமும் போகும்.

ஆயுத பூஜையன்று ஆலை கல்யாண வீடாகிவிட்டது. தரையெல்லாம் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டி, உருளை மிசினுக்கு மாலை போட்டார்கள். லாரிக்கு ஒரு மாலை, தராசுக்கு ஒரு பூத்துண்டு, சேதுபதியின் கால்குலேட்டருக்குக்கூட ஒரு பொட்டு. சிவரஞ்சனி மீட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் விடவில்லை.

"அந்தக் கம்பிக்கும் ஒண்ணு வையி தாயி. அதுதானே முங்கி முங்கி எந்திரிக்கி."

சிவரஞ்சனி சிரித்துக்கொண்டே எலக்ட்ரோடின் மேல்தண்டில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். சேதுபதி பூசணிக்காயை உடைத்துவிட்டு வந்து, சூடத் தட்டோடு எல்லார் முன்னாலும் நின்றார். தட்டு கையில் இருந்தால் அவருக்குப் பேச்சு வந்துவிடும்.

"வருசம் பூரா நமக்காக ஓடுதுக. இன்னிக்கி ஒரு மிசினும் ஓடக் கூடாது. எல்லாத்துக்கும் லீவு. நாளைக்கி விஜயதசமி, நல்ல நேரத்துல ஆரம்பிப்போம்."

பொரி, கடலை, சுண்டல் பொட்டலத்தோடு எல்லாரும் மத்தியானமே வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்து உரிக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் புதுச் சேலையில் வந்திருந்தார்கள். வேலை மளமளவென்று நடந்து, உரித்த சதை தட்டுத் தட்டாகக் குளிரறைக்குள் போயிற்று.

சிவரஞ்சனி அந்தச் சதையில் எடுத்த முதல் எண் வழக்கத்தைவிட மூன்று மடங்கு இருந்தது.

எங்கேயோ கை தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி அரைத்து, மறுபடி வடித்து, மறுபடி அளந்தாள். அதே எண். வேறு தட்டிலிருந்து எடுத்தாள். அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அளவு தெரிந்த கரைசலில் எலக்ட்ரோடை முக்கினால் வரவேண்டிய எண் ஒழுங்காக வந்தது. புதுப் பஃபர் கலக்கினாள். கூனியை முக்கினால் மறுபடியும் மூன்று மடங்கு. போய்ச் சேதுபதியிடம் சொன்னாள்.

சேதுபதியிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் அவர்கள் தெலுங்கு, ஆலையில் தமிழ். கோபம் வந்தால் மட்டும் ஆலையிலும் தெலுங்குக்குப் போய்விடுவார், தணிந்ததும் தமிழுக்குத் திரும்புவார். அவர் அறையிலிருந்து எந்த மொழி கேட்கிறது என்பதை வைத்தே வெளியே இருப்பவர்கள் உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவுசெய்வார்கள்.

"பூஜைக்கு முந்தி அளந்தியே, அது எந்தச் சரக்கு?" என்று கேட்டார்.

"இதே லாரில வந்ததுதான் சார்."

"அது நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு."

"ஒரே கப்பலு, ஒரே லாரி, ஒரே ரூம்பு. அன்னிக்கி நல்லாருந்தது இன்னிக்கி எப்பிடிம்மா கெட்டுப்போகும்? அந்தக் கம்பியில குங்குமம் வச்சது யாரு?"

"நாந்தான் சார்."

"ஏமி கர்மரா இதி" என்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். என்ன கர்மமடா இது என்று அர்த்தம், அது தெலுங்கு. சிவரஞ்சனி வெளியே வந்துவிட்டாள்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் அவளை வதைத்தது. அதே சரக்கு, அதே அறை. மாறியது என்ன? அவள் வைத்த பொட்டு ஒன்றுதான். மேல்தண்டில்தான் வைத்தாள், கீழே படவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எலக்ட்ரோடைக் கழுவித் துடைத்தாள். கோப்பைகளைக் கழுவினாள். கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள். தன் வலது கையை விளக்குக்கு நேரே பிடித்து, நகக்கண்ணில் குங்குமம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். படித்த படிப்பு அதெல்லாம் இல்லை என்கிறது, மனசு இருக்கும் என்கிறது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் குளிரறைக்காரர் சங்கிலிப்பாண்டி அவள் கேட்டிருந்த அடுத்த தட்டுச் சதையைக் கொண்டுவந்தார். ஐம்பது வயதுக்காரர். சேதுபதியின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குளிரறைக் கதவு அவர் பொறுப்பு. சித்திரையிலும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, எதையோ சொல்ல வந்தவர் போலச் சற்று நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி" என்று போய்விட்டார்.

சாயங்காலம் சிவரஞ்சனி ஒரு சின்ன ஐஸ் பெட்டியில் இரண்டு பொட்டலம் சதையை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு தனியார் தண்ணீர் சோதனை நிலையத்தில் அவளோடு படித்த யோகேஸ்வரி வேலை பார்த்தாள். அங்கே வேறு மீட்டர், வேறு எலக்ட்ரோடு, பொட்டு வைக்காதது. யோகேஸ்வரி மூடுகிற நேரத்தைத் தள்ளிவைத்து அளந்து கொடுத்தாள்.

"ஏட்டி, ஒன் மிசினும் சரியாத்தான் இருக்கு, கையும் சரியாத்தான் இருக்கு. ஒன் கூனிதான் சரியில்ல" என்றாள்.

அன்று இரவு சிவரஞ்சனி நிம்மதியாகத் தூங்கினாள். நிம்மதி மறுநாள் காலை வரைக்கும்தான்.

"யாரு அந்தப் பொண்ணு? ஒங்கூடப் படிச்சதா?" என்றார் சேதுபதி. "ஒரே காலேஜு, ஒரே பாடம். நீ செய்யிற தப்பத்தானே அவளும் செய்வா? சரக்கு ஒண்ணு. அதுக்கு நீ அளந்த நல்ல நம்பரு ஒண்ணு கையில இருக்கு. அதப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. மத்தியானம் கம்பெனி ஆளு வருதாரு."

"போட மாட்டேன் சார்."

"அப்ப எப்பிடிக் கெட்டுச்சுன்னு சொல்லு. காரணம் சொல்லு, நானே நிப்பாட்டுதேன்."

அவளிடம் காரணம் இல்லை. இளகினால் எண் ஏறும், ஆனால் அன்று உரிக்க வந்த கட்டியெல்லாம் கல்லாகத்தான் இருந்தது. சேதுபதி கெட்டவர் இல்லை, அது அவளுக்குத் தெரியும். விசத்தை விற்கச் சொல்லவில்லை அவர். புது வேலைக்காரி ஒருத்தி அளக்கத் தெரியாமல் அளந்து ஆலையைக் கவிழ்க்கிறாள் என்று முழுசாக நம்பினார். அவர் இடத்தில் தான் இருந்தால் தானும் அப்படித்தான் நினைப்போமோ என்று அவளுக்கே தோன்றியது.

"காரணமும் இல்ல, கையெழுத்தும் இல்லன்னா ஒன்ன வச்சு நான் என்ன செய்ய? நீ வேற எடம் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்று சொல்லி, காகிதத்தை அவள் பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைத்தார்.

அறை வாசலில் உரிக்கிற பெண்கள் கூடிவிட்டார்கள். வேலை போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை அவளுக்கு. ஒருவேளை தப்பு தன்னுடையதுதானோ என்கிற நினைப்புதான் அவளைக் கரையானாக அரித்தது. இரண்டு மீட்டர் சொன்னதையும் தாண்டி அந்த நினைப்பு நின்றது. நல்ல எண்ணும் நான் அளந்ததுதானே, அதுவும் இதே சரக்குதானே, அப்படியானால் இது பொய் ஆகுமா என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

"தாயி, செத்தப் பொறு" என்று குரல் கேட்டது.

பெண்களை விலக்கிக்கொண்டு சங்கிலிப்பாண்டி உள்ளே வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"மொதலாளி, அந்தப் பாப்பா மேல தப்பு இல்ல. கம்பி மேலயும் தப்பு இல்ல. பூஜையன்னிக்கி நான் குளிரறைய நிப்பாட்டிட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. அவரே தொடர்ந்து சொன்னார்.

"எப்பவும் செய்யிறதுதான். ஒங்க அப்பா இருக்கையிலேருந்து ஆயுத பூஜைக்கு ரூமக் கழுவி, கம்ப்ரஸர நிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வச்சு, சாயங்காலந்தான் ஓட்டுவேன். அப்ப மாம்பழம் முடிஞ்சு ரூமு காலியாக் கெடக்கும். இந்த வருசம் உள்ள கூனி இருந்துச்சு. நீங்களும் ஒரு மிசினும் ஓடக் கூடாதுன்னு சொன்னீக. கட்டியெல்லாம் பின்பக்கத் தாழ்வாரத்துல எடுத்து வச்சு ஈரச் சாக்கப் போட்டு மூடிட்டு ரூமக் கழுவுனேன். நீங்கள்லாம் போன பொறவு சாயங்காலம் உள்ள அடுக்குனேன். மேல இருந்த கட்டி கொஞ்சம் இளகித் தண்ணி விட்டிருந்துச்சு. தொடச்சுவிட்டேன். காலையில கல்லா ஒறஞ்சிருச்சு, சரியாப் போச்சுன்னு நெனச்சேன். இளகுனா ஓட்டுல உள்ளது சதைக்குள்ள எறங்கும்னு நேத்து ஆவுடையக்கா பேச்சுவாக்குல சொன்ன பொறவுதான் எனக்குத் தெரியும். ராத்திரி பூரா ஒறக்கமில்ல."

சேதுபதி வாயைத் திறந்தார். எல்லாரும் எந்த மொழி வருகிறது என்று காத்திருந்தார்கள். வந்தது தெலுங்குதான். வேகமாக, நீளமாக, கையை ஆட்டி ஆட்டி வந்தது. சங்கிலிப்பாண்டி தலையைக் குனிந்து நின்றார். பாதியில் சேதுபதியின் குரல் தடுக்கி நின்றது. சூடத் தட்டோடு தான் நின்றதும் பேசியதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாத்துக்கும் லீவுன்னு நாந்தானேய்யா சொன்னேன்" என்றார். அது தமிழ்.

ஆவுடையம்மாள் முந்தானைக்குள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். சேதுபதி அவளை முறைத்தார், பிறகு அவரும் லேசாகச் சிரித்துவிட்டார். சிவரஞ்சனியின் கையிலிருந்த பேனாவைத் தானே வாங்கி மூடி போட்டார். போனை எடுத்துச் சென்னைக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டார்.

"சார், வந்துக்கிட்டிருக்கீங்களா? திரும்பிப் போயிருங்க. சரக்கு இப்ப வராது. எங்க லேப்ல நிப்பாட்டிட்டாங்க."

எங்க லேப் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் மன்னிப்பு எதுவும் அவரிடமிருந்து வராது என்று தெரிந்திருந்ததால், சிவரஞ்சனி அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் இது வேறு அழுகை.

காரணம் தெரிந்துவிட்டால் அடுத்தது செய்வதற்கு வழி உண்டு. ஓட்டிலேயே இருக்கிற ஃபுளோரைடை உரித்து எறியலாம். சதைக்குள் இறங்கியதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும், அதுவும் எல்லாம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. இளம் புளிப்புள்ள குளிர்ந்த தண்ணீரில் அலசினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும் என்று சிவரஞ்சனி படித்திருந்தாள். படித்ததை நம்பி எல்லாத் தட்டையும் தொட்டியில் கொட்டச் சொல்ல அவள் தயாராக இல்லை. முதலில் ஆலைக் குழாய்த் தண்ணீரை அளந்தாள். அதிலேயே கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தது. அழுக்குத் துணியால் துடைக்கிற கதையாகிவிடும் என்று அதை வேண்டாமென்று சொல்லி, வடிகட்டிய தண்ணீர் கேட்டாள். மாம்பழக் கூழில் போட்டு மிஞ்சிய எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், ஒரு மூட்டை கிடந்தது. அதை வேறு வேறு அளவில் கரைத்து, கோப்பை கோப்பையாகக் கொஞ்சம் சதையை அலசிப் பார்த்து, எதில் சதை குழையாமல் எண் இறங்குகிறது என்று கண்டுபிடித்தாள்.

பிறகு ஆலையே அலச உட்கார்ந்தது. ஐஸ் போட்ட புளிப்புத் தண்ணீரில் சதையைக் கொட்டி, மெதுவாகக் கிளறி, வலைத் தட்டில் வடித்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பெண்களின் விரல்கள் மரத்துப்போயின. கையுறை மாற்றுகிற சாக்கில் ஒருவர் கையை ஒருவர் தேய்த்துக்கொண்டார்கள். சங்கிலிப்பாண்டி ஐஸ் உடைத்துக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தார், சாப்பிடக்கூட உட்காரவில்லை. சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒரு வலைத் தட்டைப் பிடித்தார். பாதியைக் கீழே சிந்தியதால் ஆவுடையம்மாள் அவரைப் போய் உட்காரச் சொல்லிவிட்டாள். முதல் அலசலுக்கு எண் கொஞ்சம்தான் அசைந்தது. அடுத்த அலசலில் நன்றாக இறங்கியது. இன்னொரு தடவை அலசியதும் பெரும்பாலான தட்டுகள் அனுமதித்த எல்லைக்குள் வந்துவிட்டன. சதை நிறம் வெளுத்து, அளவும் சுருங்கிவிட்டது.

"குளிச்சுக் குளிச்சுக் கூனி எளச்சுப்போச்சு" என்றாள் ஆவுடையம்மாள்.

எல்லாத் தட்டும் தேறவில்லை. தாழ்வாரத்தில் மேல்வரிசையில் இருந்த கட்டிகளாக இருக்க வேண்டும், சில தட்டுச் சதை எத்தனை அலசினாலும் எல்லைக்கு மேலேயே நின்றது. சிவரஞ்சனி தயங்கிக்கொண்டே போய்ச் சொன்னாள். சேதுபதி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"குழி தோண்டிப் போட்ருங்க. நாயிக்குக்கூடப் போடக் கூடாது" என்றார்.

அந்தத் தட்டுகளைச் சங்கிலிப்பாண்டி தானே சுமந்துபோய்க் கொட்டினார். யாரையும் கைபோட விடவில்லை.

கடைசித் தட்டை அளக்கிறபோது சிவரஞ்சனி அவரை லேப்புக்குக் கூப்பிட்டாள். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கோயிலில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு மீட்டருக்கு முன்னால் நின்றார். எண் ஏறி, இறங்கி, தயங்கி, ஓரிடத்தில் நின்றது.

"பாஸா தாயி?"

"பாஸ் அண்ணாச்சி."

சிவரஞ்சனி எலக்ட்ரோடைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று அவளுக்கு இருந்தது.

"தப்புல பாதி எனக்கும் உண்டு அண்ணாச்சி. இளக விடக் கூடாதுன்னு உரிக்கிற அக்காமாருக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக் குடுத்தேன். கதவுகிட்ட நிக்கிற ஒங்கள மறந்துட்டேன்."

"அதுக்கென்ன தாயி. இப்பச் சொல்லியாச்சில்ல."

"நீங்க வாயத் தெறக்கலன்னா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எல்லாரும் என்னையத்தான் சொல்லியிருப்பாக. பொறவு ஏன் சொன்னீக?"

சங்கிலிப்பாண்டி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நேத்து தட்டு கொண்டாந்தேன்ல. நீங்க அந்தக் கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு நின்னீக. அத வச்சுட்டு ஒங்க கைய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தீக. மொதலாளி ஏசுனா ஏசிட்டுப் போறாரு, நான் கேக்காத ஏச்சா? ஆனா நீங்க ஒங்க கைய அப்பிடிப் பாத்ததத்தான் எனக்குத் தாங்க முடியல."

நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்களும் கடிதம் எழுதுகிறவர்களும் அதைச் சொல்வார்கள். எதிரே நிற்கிற சொந்த மனிதரிடம் அதைச் சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது, சிவரஞ்சனிக்கும் வரவில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்து போயிருந்தது. இவர் தன் வேலையை மட்டும் காப்பாற்றவில்லை, தன் கைமேல் தனக்கு இருந்த நம்பிக்கையையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மனசில் கிடந்த உண்மையை மறைத்து வைப்பது அவருக்குச் செய்கிற துரோகம் என்று பட்டதால் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, நான் கையெழுத்துப் போட இருந்தேன். நீங்க வரலன்னா அந்தக் காகிதத்துல போட்டிருப்பேன்."

"தெரியும் தாயி" என்றார் சங்கிலிப்பாண்டி. "காலையிலேருந்து கதவுக்கு வெளியதான் நின்னேன். மொதலாளி ஒங்கள வேற எடம் பாருன்னு சொன்னப்பகூட எனக்குத் தைரியம் வரல. நீங்க அந்தப் பேனாவ எடுத்த பொறவுதான் எனக்கு வாயே தொறந்துச்சு."

சிவரஞ்சனி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்ததாக ஏதோ சொல்லி, குளிரறைப் பக்கம் வேகமாக நடந்தார். சிவரஞ்சனி மேசைக்குத் திரும்பி, கடைசித் தட்டின் எண்ணைச் சோதனைக் காகிதத்தில் எழுதினாள்.